ஒரே குழந்தைக்குப் பல குறைகள்: காரணத்தைக் கேட்டுப் பெறுவோம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். இதயத்தில் ஓட்டை, பிளவுபட்ட அண்ணம், சிறுநீரகக் கோளாறு, வளர்ச்சித் தாமதம் என ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றியும், அந்தக் குறைகள் அனைத்துக்கும் அடியில் இருக்கக்கூடிய குரோமோசோம் கோளாறுகளைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வாசகர்களிடம் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் குடும்பங்களில் இத்தகைய குழந்தைக்கு மருத்துவம் பார்ப்பதில் யாரும் குறை வைப்பதில்லை. இதயத்துக்கு ஒரு மருத்துவர், அண்ணத்துக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்று தாயும் தந்தையும் விடுப்பு எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். ஆனால் இவை எல்லாம் ஏன் இந்த ஒரே குழந்தைக்கு வந்தன என்ற கேள்வி மட்டும் மருத்துவரிடம் போய்ச் சேருவதில்லை. அது வீட்டுக்குள்ளேயே கேட்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே தீர்ப்பும் சொல்லப்படுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், சொன்ன பேச்சைக் கேட்காமல் கனமான பொருளைத் தூக்கினாள், ஜாதகத்தைச் சரியாகப் பார்க்காமல் முடித்தார்கள் என்று யார் எதைச் சொன்னாலும், பிள்ளை பெற்று உடம்பு தேறாத அந்தப் பெண்ணின் தலையில்தான் பழி வந்து விழுகிறது. இது மருத்துவ உண்மைக்கு முற்றிலும் மாறானது என்பதாலும், உண்மையான காரணத்தைத் தேடவிடாமல் தடுக்கிறது என்பதாலும் இதை எழுதுகிறேன்.

மனித உடலின் ஏறக்குறைய எல்லா வகை உயிரணுக்களிலும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 இணைகள், இருக்கின்றன. நம் மரபணுக்கள் எல்லாம் இவற்றில்தான் வரிசையாக அமைந்துள்ளன. இந்த எண்ணிக்கையே 1956 வரை 48 என்றுதான் பாடநூல்களில் இருந்தது. சிங்கப்பூருக்கு மிக அருகிலுள்ள ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்ற அறிவியலாளரும் சுவீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் லெவனும்தான் அதை 46 என்று திருத்தினார்கள். சரியான எண்ணிக்கை தெரிந்தபின் கண்டுபிடிப்புகள் விரைந்து வந்தன. டௌன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதை 1959-ல் பிரான்சில் மார்த்த கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் தூர்ப்பான் ஆகியோர் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே, 18ஆம் குரோமோசோம் மிகுதியால் வரும் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோமும் 13ஆம் குரோமோசோம் மிகுதியால் வரும் படாவ் சிண்ட்ரோமும் விளக்கப்பட்டன. ஒரு குழந்தையின் இதயமும் கைவிரல்களும் மூளையும் ஒருசேரப் பாதிக்கப்படுவதற்கு ஒரே காரணம் இருக்க முடியும் என்பது அப்போதுதான் மருத்துவ உலகுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

ஒரு குரோமோசோம் கூடினாலோ குறைந்தாலோ ஏன் உடலின் பல உறுப்புகள் பாதிக்கப்படுகின்றன? கருவில் பெரும்பாலான உறுப்புகள் கருத்தரித்த மூன்றாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் உருவாகின்றன. அந்தச் சில வாரங்களில் ஒரே மரபணு இதயத்திலும் முகத்திலும் கைகால்களிலும் ஒரே சமயத்தில் வேலை செய்கிறது. 21ஆம் குரோமோசோம் மிகச் சிறியது. இருந்தும் அதில் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அவை அனைத்தும் ஒன்றரை மடங்கு அளவில் செயல்படும்போது விளைவு ஓர் உறுப்போடு நிற்பதில்லை. புள்ளிக் கோலத்தில் ஒரு வரிசைப் புள்ளி கூடிவிட்டால் ஓர் இழை மட்டும் பிசகாமல் கோலம் முழுவதிலும் வளைவுகள் இடம் மாறிப்போவதைப் போன்றது இது.

உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 150-ல் ஒருவருக்கு ஏதேனும் ஒரு குரோமோசோம் மாறுபாடு இருக்கிறது. எல்லாமே கடுமையானவை அல்ல. பல, வாழ்நாள் முழுவதும் தெரியாமலேயே இருந்துவிடும். மறுபுறம், முதல் மூன்று மாதங்களில் கலைந்துபோகும் கருக்களில் பாதியளவுக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். ஓர் இணை மூன்றாகிவிட்ட நிலையிலும் குழந்தை உயிரோடு பிறக்கக்கூடியவையாகப் பெரும்பாலும் 13, 18, 21 ஆகிய மூன்றையே நாம் காண்பதற்கு, இம்மூன்றிலும் மரபணுக்கள் குறைவாக இருப்பதே காரணம். எக்ஸ், ஒய் என்ற பாலினக் குரோமோசோம்கள் நீங்கலாக, எஞ்சியவற்றில் ஒன்று முழுமையாகக் கூடினால் கரு அநேகமாகத் தொடக்கத்திலேயே நின்றுவிடும். எட்வர்ட்ஸ், படாவ் சிண்ட்ரோம்கள் உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் முதலாண்டைக் கடப்பதில்லை. இறுக மூடிய கைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த விரல்கள், இதயக் குறைபாடு, சிறுத்த தாடை, படாவில் உதட்டுப் பிளவும் ஆறாவது விரலும் என அவற்றின் அடையாளங்களைப் பிரசவ அறையிலேயே மருத்துவர்கள் கவனித்துவிடுவார்கள்.

டௌன் சிண்ட்ரோமைப் பற்றி நம் மக்களுக்கு ஓரளவு தெரியும். தெரியாதது, அது முகத்தோற்றமும் அறிவு வளர்ச்சியும் மட்டும் சார்ந்ததல்ல என்பது. இக்குழந்தைகளில் பாதியளவினருக்கு இதயக் குறைபாடு இருக்கும். ஆகவே வெளியே எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் பிறந்தவுடன் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும். குடல் அடைப்பு, காது கேளாமை, கண்புரை, தைராய்டுக் குறைவு, கழுத்து எலும்பின் தளர்வு, இரத்தப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் தொடர்ந்து கண்காணிப்புத் தேவை. இவற்றை முன்கூட்டியே பார்ப்பதால் கிடைக்கும் பலன் பெரிது. 1980களின் தொடக்கத்தில் சராசரியாக 25 வயதளவில் இருந்த இவர்களின் ஆயுள், இன்று வளர்ந்த நாடுகளில் 60 வயதை எட்டியிருக்கிறது. இதய அறுவை சிகிச்சையும் முறையான கண்காணிப்பும் அதில் பெரும் பங்கு வகித்தன. காரணத்தின் பெயர் தெரிந்ததனால் அடுத்து எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்தது.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது டௌன் சிண்ட்ரோமைப் போல முகத்திலேயே தெரியாத கோளாறுகளைப் பற்றித்தான். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போவதால் வரும் குறைபாடு அவற்றுள் முதன்மையானது. மருத்துவர்கள் இதை 22கியூ11 நீக்கம் என்றும் டிஜார்ஜ் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ 4000 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. கருவின் கழுத்துப் பகுதியில் தோன்றும் சில திசுக்களிலிருந்துதான் இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய்களும், அண்ணமும், நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பியும், இரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் இணைத் தைராய்டு சுரப்பிகளும் உருவாகின்றன. அந்த வளர்ச்சிக்குத் தேவையான மரபணுக்கள் விடுபட்ட துண்டில் இருப்பதால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இந்த நான்கும் ஒரே குழந்தையிடம் பழுதுபடுகின்றன.

இதை நேரில் பார்த்தவள் என்ற முறையில் ஒரு குழந்தையைக் குறிப்பிட வேண்டும். இதயக் குறைக்காக அறுவை சிகிச்சை முடிந்து நல்லபடியாக வீடு திரும்பிய அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களில் வலிப்பு வந்தது. வலிப்புக்குத் தனியாக மருந்து கொடுக்கப்பட்டது. பால் குடிக்கும்போதெல்லாம் மூக்கு வழியாக வெளியே வந்தது. அதற்குப் பாட்டி, தாய்க்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்றார். அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தன. அதற்குக் குளிரூட்டி வைத்த அறை காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துக் குரோமோசோம் பரிசோதனைக்கு எழுதினார். வலிப்புக்குக் காரணம் இரத்தத்தில் கால்சியம் குறைந்தது. பால் மூக்கில் ஏறியதற்குக் காரணம் அண்ணத்தின் தசை சரியாக மூடாதது. அடிக்கடி வந்த தொற்றுக்குக் காரணம் தைமஸ் சுரப்பியின் குறைவு. விடை வந்த அன்று அந்தத் தாய் அழுதது துக்கத்தினால் மட்டும் அல்ல என்பதை அருகில் நின்ற நான் அறிவேன்.

பெயர் தெரிவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கோளாறே போதுமான விடை. நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைப் பார்த்த பிறகே, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை இக்குழந்தைகளுக்குப் போடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அறுவை சிகிச்சையில் இரத்தம் ஏற்ற நேர்ந்தால், எதிர்ப்பாற்றல் சரியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட இரத்தமே ஏற்றப்பட வேண்டும். பள்ளியில் பேச்சுப் பயிற்சி தேவைப்படும். வளர்ந்தபின் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு இருப்பதால், பதின்ம வயதில் தென்படும் மாற்றங்களைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதோடு, இத்தகைய குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு இந்த விடுபாடு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். அவருக்கு இலேசான மூக்குப் பேச்சைத் தவிர வேறொன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆயினும் அவருடைய அடுத்த குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

பெண் குழந்தைகளின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது டர்னர் சிண்ட்ரோம். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுக்குப் பதிலாக ஒன்று மட்டும் முழுமையாக இருக்கும் இந்நிலை, ஏறத்தாழ 2500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு உண்டு. பிறந்தபோது கைகால்கள் வீங்கியிருக்கலாம், பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருக்கலாம், இரு சிறுநீரகங்களும் இணைந்து லாட வடிவில் இருக்கலாம். இவை கவனிக்கப்படாவிட்டால், வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளமாக இருக்கிறாள் என்றும், பிறகு பதினைந்து வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றும்தான் வீட்டில் கவலை தொடங்கும். அந்தக் கவலையை உறவினருக்குத் தெரியாமல் மூடி மறைப்பதில் போகும் ஆண்டுகள் திரும்பி வாரா. வளர்ச்சி ஹார்மோன் ஊசியைச் சிறுவயதில் தொடங்கினால் உயரம் கூடும். எலும்புகள் மூடிவிட்ட பிறகு அதனால் பயன் இல்லை. பெருந்தமனியையும் வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

பல குறைகள் சேர்ந்து வந்தாலே அது குரோமோசோம் கோளாறுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு மரபணுவின் பிழையால் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படுவதுண்டு. கருவுற்ற தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தாலும், வலிப்புக்கான வால்புரோயேட் போன்ற சில மருந்துகளாலும், மதுவினாலும் பல உறுப்புகள் கெடலாம். கருத்தரிக்கும் முன்பே கட்டுப்பாடில்லாத நீரிழிவு இருப்பதும் அப்படியே. சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு சீனரைவிட அதிகம் என்பதால் நம் பெண்கள் இதைச் சற்றுக் கூடுதலாகவே மனத்தில் கொள்ள வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்ததைப் பற்றியும் கேட்பார்கள். நெருங்கிய உறவில் மணம் முடிப்பது, இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுப் பிழை குழந்தையிடம் ஒன்றுசேரும் வாய்ப்பை உயர்த்துகிறது. ஆனால் டௌன், எட்வர்ட்ஸ் போன்ற எண்ணிக்கைக் கோளாறுகளுக்கு அது காரணம் அல்ல. மாமன் மகளைக் கட்டியதால்தான் டௌன் சிண்ட்ரோம் வந்தது என்று ஒரு தம்பதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது தவறு.

அப்படியானால் எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது? ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரிதலின் பாதியில் நின்று காத்திருக்கின்றன. ஆண்டுகள் செல்லச்செல்லக் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் தளர்வதால், இணை சரியாகப் பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விடுகின்றன. 25 வயதில் ஏறத்தாழ 1250 பிறப்புகளில் ஒன்றாக உள்ள டௌன் சிண்ட்ரோம் வாய்ப்பு, 35 வயதில் 350-ல் ஒன்றாகவும் 40 வயதில் 100-ல் ஒன்றாகவும் உயர்வது இதனால்தான். சிங்கப்பூரில் முதல் குழந்தையைப் பெறும் தாய்மாரின் இடைநிலை வயதே முப்பதைத் தாண்டிவிட்ட நிலையில் இது அனைவருக்கும் தெரிய வேண்டிய செய்தி. ஆயினும் இளம் தாய்மாருக்கு மொத்தப் பிறப்புகள் அதிகம் என்பதால், இக்குழந்தைகளில் பலர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மாருக்கே பிறக்கிறார்கள். எந்த உணவும் எந்த நடத்தையும் எந்த நட்சத்திரமும் இந்தப் பிரிதலில் தலையிடுவதில்லை.

டௌன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு 95 இவ்வாறு நிகழ்வதே. எஞ்சியதில் 3 அல்லது 4 விழுக்காடு வேறு வகை. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். நல்ல உடல்நலத்தோடு வாழும் ஒருவரிடம் 14ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். எண்ணிப் பார்த்தால் 45 இருக்கும். மரபணுக்களின் அளவு சரியாக இருப்பதால் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. பிள்ளை பெறும்போதுதான் சிக்கல். இப்படிச் சுமப்பவர் தாயாக இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு டௌன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். தந்தை சுமப்பவராக இருந்தால் அது மிகவும் குறைவு. தாய்க்கு வயது இருபத்திரண்டாக இருந்தாலும் இந்தக் கணக்கில் மாற்றமில்லை. ஆகவே ஒரு குழந்தைக்கு டௌன் சிண்ட்ரோம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாலும், அது எந்த வகை என்பதைக் குரோமோசோம் பரிசோதனையில் உறுதிப்படுத்தியாக வேண்டும். ஒட்டுதல் வகை என்றால் பெற்றோர் இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் பெரியம்மா, சித்தி, மாமன் வீட்டுப் பிள்ளைகளும்.

இதைப் போலவே, வேறு இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டிருக்கும் நிலை ஏறத்தாழ 500 பேரில் ஒருவரிடம் இருக்கிறது. அவரும் நலமாகவே இருப்பார். ஆனால் அவருடைய குழந்தைக்கு ஒரு துண்டு கூடியும் இன்னொன்று குறைந்தும் போய்ச் சேரும்போது கரு கலைகிறது, அல்லது பல குறைகளோடு குழந்தை பிறக்கிறது. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் 3 முதல் 5 விழுக்காட்டில், இருவருள் ஒருவரிடம் இந்த மாற்றம் காணப்படுகிறது. அந்த ஒருவர் கணவனாகவும் இருக்கலாம். நம் வீடுகளில் கரு கலைந்தால் மருமகளின் உடம்பைத்தான் ஆராய்கிறோம். அவளுக்குத்தான் நேர்த்திக்கடனும் பத்தியமும். மகனின் இரத்தத்தையும் ஒரு குழாயில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் மாமியார் முகம் மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சுமப்பவர் யார் என்று அறிவது குற்றம் சாட்டுவதற்காக அல்ல. அறிந்தால், அடுத்த கருவைத் தொடக்கத்திலேயே பரிசோதிக்கலாம். செயற்கைக் கருத்தரிப்பின்போது கருப்பையில் வைப்பதற்கு முன்பே கருவை ஆராயும் சேவையும் 2021 முதல் சிங்கப்பூரில் இத்தகைய தம்பதிகளுக்கு முறையான மருத்துவச் சேவையாக வழங்கப்படுகிறது.

பிறப்பதற்கு முந்தைய பரிசோதனைகளைப் பற்றியும் தவறான நம்பிக்கைகள் உண்டு. தாயின் இரத்தத்தில் கருவின் டிஎன்ஏ கலந்திருப்பதை ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் 1997-ல் கண்டறிந்ததன் பயனாக, இன்று பத்தாம் வாரத்துக்குப் பிறகு ஒரு குழாய் இரத்தத்தில் என்ஐபிடி என்ற சோதனையைச் செய்ய முடிகிறது. டௌன் சிண்ட்ரோமை அது நூற்றுக்கு 99 அளவில் கண்டுபிடிக்கிறது. எனினும் அது வடிகட்டும் சோதனையே தவிர முடிவான சோதனை அல்ல. ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டுமே கோளாறு இருக்கக்கூடிய ஒரு வயதுப் பிரிவில், ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாக எச்சரிக்கை கொடுக்கும் சோதனையைச் செய்தால், எச்சரிக்கை வந்த இருவரில் ஒருவருடைய கரு நலமாகவே இருக்கும். எனவே பனிக்குட நீரையோ நஞ்சுத் திசுவையோ எடுத்துச் சோதித்து உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. தேர்ந்த கைகளில் அந்த ஆபத்து அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. இரத்தச் சோதனை நன்றாக வந்துவிட்டது என்று, இருபதாம் வாரத்தை ஒட்டிச் செய்யும் விரிவான ஸ்கேனைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. குரோமோசோம்களின் சிறு விடுபாடுகள் பலவற்றை என்ஐபிடி தேடுவதே இல்லை. அந்த ஸ்கேனில் இதயத்தில் ஒன்றும் சிறுநீரகத்தில் ஒன்றுமாக இரண்டு குறைகள் தெரிந்தால், முந்தைய சோதனை நன்றாக இருந்தது என்பது ஆறுதல் ஆகாது.

சிங்கப்பூர்ச் சட்டம் கருக்கலைப்புக்கு 24 வாரங்களை எல்லையாக வைத்திருக்கிறது. இருபது வாரத்தில் குறை தெரிந்து, பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்து, குடும்பம் கூடிப் பேசி முடிப்பதற்குள் மிகக் குறுகிய காலமே எஞ்சுகிறது. அந்த முடிவு பெற்றோருடையது. அதில் பிறர் சொல்ல ஒன்றுமில்லை என்பது என் உறுதியான கருத்து. கருவைத் தொடர்வதென்று தீர்மானித்தவர்களுக்கும் பரிசோதனை வீண் அல்ல. குழந்தைகள் இதய நிபுணரும் அறுவை மருத்துவரும் தயாராக இருக்கும் மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிட முடியும். உயிர்வாழ முடியாத குழந்தை என்று தெரிந்தால், தேவையற்ற வலியைத் தராத பராமரிப்பை முன்கூட்டியே பேசி வைக்க முடியும்.

குழந்தை பிறந்த பிறகு எந்தப் பரிசோதனையைக் கேட்பது? நுண்ணோக்கியில் குரோமோசோம்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் கேரியோடைப் பழைய முறை. அதில் பெரிய மாற்றங்களே தெரியும். மைக்ரோஅரே என்ற புதிய முறை மிகச் சிறிய விடுபாடுகளையும் மிகுதிகளையும் கண்டுபிடிக்கும். காரணம் தெரியாத பல பிறவிக் குறைகளும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளுக்கு இதையே முதல் பரிசோதனையாகச் செய்ய வேண்டும் என்று 2010-ல் பன்னாட்டு நிபுணர் குழு பரிந்துரைத்தது. டௌன் சிண்ட்ரோம் போன்று எளிதில் அடையாளம் காணக்கூடியவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தால், பழைய முறை 3 விழுக்காட்டினருக்கு விடை தந்த இடத்தில் இது 15 முதல் 20 விழுக்காட்டினருக்குத் தருகிறது. ஆனால் துண்டுகள் அளவு மாறாமல் இடம் மட்டும் மாறியிருப்பதை மைக்ரோஅரே காட்டாது. ஆகவே பெற்றோருக்குப் பழைய முறையே வேண்டியிருக்கும். உள்ளங்கையில் ஒற்றை ரேகை, காது சற்றுத் தாழ்ந்திருத்தல் போன்ற ஒரு சிறு அடையாளத்தை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒற்றை ரேகை நலமான பலரிடமும் உண்டு. அத்தகைய சிறு மாறுபாடுகள் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்திருந்தால்தான் உள்ளுறுப்புகளையும் பார்க்க வேண்டும்.

காப்புறுதி பற்றிய அச்சத்தால் சிலர் பரிசோதனையையே தவிர்க்கிறார்கள். பிறவிக் குறைகளுக்கான சிகிச்சை 2013 முதலே மெடிஷீல்டு என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது; 2015-ல் வந்த மெடிஷீல்டு லைஃப், குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும், ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்து, வாழ்நாள் காப்பு அளிக்கிறது. செலவு குறித்த ஐயங்களை மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

இனி என் வேண்டுகோள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மரபியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். டௌன் சிண்ட்ரோம் சங்கம் 1996 முதல் இயங்கி வருகிறது. சிறப்புத் தேவையுள்ள மழலையருக்கு ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் உள்ளது. வசதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் மரபியல் ஆலோசனை அறையில் ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது, மாலையில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் கூடத்தில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தமிழில் சொல்லப்படும்போது பெரும்பகுதி வழியிலேயே தொலைந்துபோகிறது. தமிழகத்திலிருந்து மணமாகி வந்த பெண்களுக்கு ஆலோசகரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. சுகாதார அமைச்சும் மருத்துவமனைகளும் குரோமோசோம் பரிசோதனை முடிவுகளை விளக்கும் துண்டுப் பிரசுரங்களைத் தெளிவான தமிழில் வெளியிட வேண்டும். ஆலோசனையின்போது தாத்தா பாட்டியும் உடன் அமர அனுமதித்து, தமிழ் பேசும் ஊழியரை ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் மாதம் ஒரு முறையேனும் மரபியல் மருத்துவர் ஒருவரை வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்க அழைக்குமானால், வீட்டுக்குள் சொல்லப்படும் தீர்ப்புகளில் பாதி தானாகவே நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

கடைசியாக, முப்பது, நாற்பது வயதான மகனையோ மகளையோ காரணம் தெரியாமலேயே பராமரித்துவரும் முதிய பெற்றோருக்கு ஒரு சொல். 1990களில் உங்கள் பிள்ளைக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்து ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால், அன்றைய முறையில் தெரியக்கூடியது மட்டுமே சரியாக இருந்தது என்பதுதான் அதன் பொருள். பழைய மருத்துவக் கோப்பை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, மரபியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் தங்கைக்கோ தம்பிக்கோ திருமணம் பேசத் தொடங்கியிருந்தால், அதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஈசூன்